வலியில்லாத நாளில் பல் டாக்டர்

மே மாதம் பாதி கடந்ததும் ஆம்பூர், ராணிப்பேட்டை, ஆற்காடு கடைத்தெருக்களில் பள்ளிக்கூடக் களை வந்துவிடும். சீருடைத் துணி, புத்தகப் பை, தண்ணீர் பாட்டில், கறுப்பு ஷூ. தோல் தொழிலை நம்பி வாழும் ஊர்கள் என்பதால், பிள்ளையின் காலுக்கு ஷூ பொருந்துகிறதா என்று பார்ப்பதில் இங்குள்ள அப்பா அம்மாக்களுக்குத் தனித் தேர்ச்சி உண்டு. கட்டைவிரல் முனையை அழுத்திப் பார்த்து, வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் கூட்டி வாங்குவார்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை, தடுப்பூசி அட்டை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் தயாராக இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு முன் செய்ய வேண்டிய இந்த வேலைகளில் பிள்ளையின் வாயைத் திறந்து பார்ப்பது மட்டும் சேர்வதில்லை.

“பால் பல்லுதானே, விழுந்துட்டு வேற முளைக்கப் போவுது” என்பது பெரும்பாலான வீடுகளின் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்பதற்கு நாடு தழுவிய சான்று இருபது ஆண்டுகளாகவே கையில் இருக்கிறது. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002–03-இல் நடத்திய தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக் குழந்தைகளில் 51.9 சதவீதம் பேருக்குச் சொத்தைப் பல் இருந்தது. பன்னிரண்டு வயதில் அது 53.8, பதினைந்து வயதில் 63.1. அதாவது ஒன்றாம் வகுப்புக்குள் கால் வைக்கும்போதே சரிபாதிப் பிள்ளைகளின் வாயில் சொத்தை ஏறிவிட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, பால்பற்களில் சொத்தையுள்ள குழந்தைகள் உலகம் முழுக்கச் சுமார் 51.4 கோடி பேர் என்கிறது.

இவர்களில் பலர் பல் டாக்டரை முதன்முதலாகப் பார்ப்பது எப்போது? கன்னம் வீங்கி, ராத்திரி முழுக்க அழுது, காய்ச்சலும் சேர்ந்துகொண்ட மறுநாள் காலையில்தான். அந்தக் காலையில் டாக்டருக்கும் வேறு வழி இருக்காது. மரத்துப்போக ஊசி போட வேண்டும், சீழை வடிக்க வேண்டும், சில சமயம் பல்லையே பிடுங்க வேண்டும். தூக்கமும் சாப்பாடும் இல்லாத நான்கு வயதுப் பிள்ளைக்குப் பல் மருத்துவம் என்றால் என்ன என்ற பாடம் அங்கே, அப்படித்தான் தொடங்குகிறது. பள்ளிக்கு முந்தைய கோடை விடுமுறையில், எந்த வலியும் இல்லாத ஒரு நாளில், எண்ணிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிற ஒரு முதல் சந்திப்பு நடந்திருந்தால் இந்தக் கதை வேறாக இருந்திருக்கும். குழந்தைப் பல் மருத்துவர்களின் அமைப்புகள் இதைவிடவும் முன்னால் போகின்றன: முதல் பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்பது அவர்களின் பரிந்துரை. அதைத் தவறவிட்டவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை நல்லதொரு மறுவாய்ப்பு.

பால்பற்கள் மொத்தம் இருபது. ஆறு மாதத்தில் கீழ் முன்பற்களில் தொடங்கி, இரண்டரை, மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். முன்பற்கள் ஆறேழு வயதில் விழுவதைப் பார்த்துவிட்டு, எல்லாப் பால்பற்களும் சீக்கிரம் போய்விடும் என்று நினைக்கிறோம். கடைவாயில் இருக்கும் பால்பற்கள் அப்படியல்ல. அவை விழப் பத்து முதல் பன்னிரண்டு வயது ஆகும். நான்கு வயதில் சொத்தை விழுந்த கடைவாய்ப் பால்பல் இன்னும் ஆறேழு வருஷம் மென்று தர வேண்டிய பல். அதன் மேலோடான எனாமல், பின்னால் முளைக்கும் நிலைப்பற்களின் எனாமலில் ஏறக்குறைய பாதித் தடிமன்தான். அதனால் சொத்தை வேகமாக உள்ளே இறங்கி நரம்பைத் தொட்டுவிடும். பால்பல்லை முன்கூட்டியே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்துகொள்ளும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பதுபோல, அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல்லுக்காக இடம் பிடித்து வைத்திருப்பதும் பால்பல்லின் வேலைதான்.

பள்ளி வயதை ஒட்டி இன்னொன்று நடக்கிறது. அது பெற்றோர் கண்ணில் படாமலே நடந்துவிடுவதால் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். சுமார் ஆறு வயதில், கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், காலியாக இருந்த ஈற்றில் ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் யாரும் கவனிப்பதில்லை. கவனித்தாலும் இன்னொரு பால்பல் என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அதுதான் வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய முதல் நிலைக் கடைவாய்ப்பல். மேலே இரண்டு, கீழே இரண்டு. மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பதில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. மெல்லும் பரப்பில் ஆழமான பள்ளங்களும் வெடிப்புகளும் இருக்கும். ஈற்றைக் கிழித்துக்கொண்டு முழு உயரத்துக்கு வரப் பல மாதங்கள் பிடிக்கும். அதுவரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்து நிற்பதால் பிரஷ்ஷின் நார் அதைத் தொடாமல் மேலேயே போய்விடும். ஏற்கெனவே சொத்தை நிறைந்த வாயில் இந்தப் புதுப்பல் முளைத்தால், அது சீக்கிரமே அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறது. ஐந்து வயதில் வாயைச் சரிசெய்யச் சொல்வதற்கு முதன்மைக் காரணம் இதுதான்.

சொத்தை எப்படி உண்டாகிறது? “பல்லுல பூச்சி” என்று சொல்லி, கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்கும் வழக்கம் நம் கிராமங்களில் நெடுங்காலம் இருந்தது. பல்லைப் புழு அரிக்கிறது என்ற நம்பிக்கை பாபிலோனியா முதல் ஐரோப்பா வரை எங்கும் இருந்ததுதான். பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கரான டபிள்யூ. டி. மில்லர் 1890-இல் வெளியிட்ட நூலில், வாயிலுள்ள பாக்டீரியாக்கள் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் அமிலமாக மாற்றுகின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது என்று விளக்கினார். 1924-இல் லண்டனில் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயர் வைத்தார். 1940-களில் ராபர்ட் ஸ்டீஃபன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பல்லின்மேல் படியும் படலத்தின் அமிலத்தன்மையை அளந்தார். சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளித்த சில நிமிடங்களிலேயே பி.எச். அளவு சரிந்தது. 5.5-க்குக் கீழே போனால் எனாமலின் தாதுப்பொருள் கரையத் தொடங்கும். எச்சில் அந்த அமிலத்தைத் தணித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆனது.

அந்த அரை மணி நேரத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஆற்காட்டுக்கு ஒரு பெயர் உண்டென்றால் மக்கன் பேடா. கோவாவும் மைதாவும் பிசைந்து, உள்ளே முந்திரி, பாதாம் வைத்து, நெய்யில் பொரித்து, சர்க்கரைப் பாகில் ஊறவிட்ட பண்டம். ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணிக்குப் பின் பிள்ளை ஒரு மக்கன் பேடா தின்றால், பல்லின்மேல் அமிலம் ஒருமுறை ஏறி இறங்கும். கதை அதோடு முடிந்தது. அதே பிள்ளை மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை, ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒன்றாகக் கொறித்தால், எச்சில் ஒருமுறைகூடத் தணித்து முடிப்பதற்குள் அடுத்த அமிலம் வந்துவிடும். நான்கு மணி நேரம் பல் அமிலத்திலேயே ஊறும். பிஸ்கட்டில் பேடாவைவிடச் சர்க்கரை குறைவுதான், ஆனாலும் பல்லுக்கு அதுவே பெரிய எதிரி. தேநீரில் நனைத்த பொறை, பொட்டிக்கடை ஜவ்வு மிட்டாய், மாத்திரைக்குப் பதிலாகக் கொடுக்கும் இனிப்பு சிரப் எல்லாம் இதே கணக்கில் வரும்.

இதைத் தெளிவாக நிறுவிய ஆய்வு ஒரு கறையோடுதான் வரலாற்றில் நிற்கிறது. ஸ்வீடனில் லுண்ட் நகரை அடுத்த விப்பெஹோல்ம் மனநலக் காப்பகத்தில், அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கு 1940-களின் பிற்பகுதியில் வேண்டுமென்றே விதவிதமாகச் சர்க்கரை கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தபோது சொத்தை பெரிதாகக் கூடவில்லை. பல்லில் ஒட்டும் டாஃபியைச் சாப்பாட்டு வேளைகளுக்கு இடையில் கொடுத்தபோது பற்கள் கொத்துக் கொத்தாகச் சொத்தையாகின. சம்மதம் சொல்ல முடியாத மனிதர்களின் பற்களைப் பலி கொடுத்துப் பெற்ற அறிவு அது. இன்று அப்படியொரு ஆய்வை எந்த நாடும் அனுமதிக்காது. அதன் முடிவுகளைத் தொடர்ந்துதான் ஸ்வீடனில் வாரத்துக்கு ஒருநாள், சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற வழக்கம் வீடுகளில் வேரூன்றியது. இனிப்பை அடியோடு மறுக்கத் தேவையில்லை, அதற்கு ஒரு வேளை வைத்தால் போதும் என்று பெற்றோரிடம் சொல்லலாம். அதைக் கேட்கவும் செய்வார்கள்.

இந்த வட்டாரத்தின் வாழ்க்கை முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் தையல், ஒட்டு வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலையில் கம்பெனி வண்டி ஏறினால் இருட்டும் நேரத்தில்தான் வீடு. பகல் முழுக்கப் பிள்ளை ஆயாவிடம். வட ஆற்காட்டுப் பேச்சில் ஆயா என்றால் பாட்டி. வளர்ப்பதில் பாதி அவர்தான். அழும் பேரனுக்கு ஒரு ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்புவதும், தூங்க வைக்கச் சர்க்கரை போட்ட பால் பாட்டிலை வாயில் வைப்பதும் அன்பின் வழிகள். தூக்கத்தில் எச்சில் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடும் என்பதும், பாட்டில் பால் மேல் முன்பற்களைச் சுற்றி இரவெல்லாம் தேங்கும் என்பதும் ஆயாவுக்கு யாரும் சொல்லாதவை. மேல் முன்பற்கள் நான்கும் பழுப்பாகிக் கரைந்துபோன மூன்று வயதுப் பிள்ளைகளைப் பார்த்தால், டாக்டர்கள் முதலில் கேட்பது இந்த ராத்திரிப் பாட்டிலைப் பற்றித்தான். ஆகவே பல் டாக்டரிடம் போகும் நாளில் ஆயாவையும் கூட அழைத்துப் போவது நல்லது. பகல் நேரத் தின்பண்டம் அவர் கையில் இருக்கிறது. அறிவுரையும் நேராக அவர் காதில் விழ வேண்டும்.

பற்களில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் இருந்தால், பாலாற்றுப் பக்கத்து ஆட்கள் உடனே தோல் தண்ணீரைக் குறை சொல்வார்கள். கோபத்துக்குக் காரணம் உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றுப் படுகையின் மண்ணையும் நிலத்தடி நீரையும் எப்படிக் கெடுத்தன என்பதைப் பதிவு செய்தது; மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்துக்குள் நிலைநாட்டிய தீர்ப்புகளில் அதுவும் ஒன்று. ஆனால் அந்தக் கழிவின் பெருங்கேடுகள் உப்பும் குரோமியமும். பல்லில் கறை ஏற்றும் ஃப்ளோரைடு பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து, நிலத்தடிப் பாறைகளிலிருந்து கரைந்து வருகிறது. 1937-இல் கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட்டும் அவருடைய குழுவினரும், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் ஃப்ளோரைடு மிகுவதால் வரும் நோயை இந்தியாவிலேயே முதன்முதலாக விரிவாகப் பதிவு செய்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததன் பின்னணியும் ஃப்ளோரைடுதான். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கூடுதலாகக் காணப்படும் பகுதிகளைக் கொண்ட மாவட்டங்களின் மத்திய நிலத்தடி நீர் வாரியப் பட்டியலில் பழைய வேலூர் மாவட்டமும் இடம்பெற்றிருந்தது.

ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு ஆதாரமே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியக் குடிநீர்த் தரம். அதற்கு மேலான நீரை எட்டு வயதுக்குள் குடித்து வளரும் பிள்ளையின் நிலைப்பற்கள், ஈற்றுக்குள் உருவாகும்போதே பாதிக்கப்பட்டுப் பின்னால் கறையோடு முளைக்கும். தேய்த்தால் அது போகாது; செங்கல் பொடியும் சாம்பலும் கரித்தூளும் போட்டுத் தேய்த்தால் எனாமல்தான் போகும். வீட்டு போர்வெல் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் பரிசோதித்துப் பார்த்து, அந்தத் தாளையும் பல் டாக்டரிடம் எடுத்துப் போனால் அவருக்கு வேலை எளிது. ஈற்றை ஒட்டினாற்போல் சுண்ணாம்பு நிறத்தில் ஒரு கோடு இருந்தால் அது சொத்தையின் தொடக்கமாக இருக்கலாம். இரண்டு பக்கமும் ஒரேபோல், பல்லின் குறுக்கே பட்டையாக இருந்தால் ஃப்ளோரைடாக இருக்கலாம். இதைப் பிரித்தறிய அவர் கண்ணுக்குத் தெரியும்.

அளவு மிஞ்சினால் கறை போடும் அதே ஃப்ளோரைடு, பற்பசையில் சிறிதளவாகப் பல்லின் மேற்பரப்பில் படும்போது, கரைந்த தாதுவைத் திரும்பப் படிய வைக்கிறது. மூன்று வயதுக்குள் அரிசி அளவு, மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவு. தேய்த்து முடித்ததும் துப்பிவிட வேண்டும். இந்தியச் சட்டப்படி பற்பசையில் ஃப்ளோரைடு 1000 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது. குழந்தைகளுக்கென்று பொம்மைப் படம் போட்டு விற்கும் சில பற்பசைகளில் இது பாதியளவோ, இல்லாமலோ இருக்கும். டியூபின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். ஏழெட்டு வயது வரை பிள்ளையின் கைக்கு முழுவாயும் தேய்க்கிற லாகவம் வருவதில்லை. காலையில் அதுவே தேய்த்துக்கொள்ளட்டும். ராத்திரி அம்மாவோ அப்பாவோ தேய்த்துவிட வேண்டும். அதன்பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் வாய்க்குள் போகக் கூடாது.

இனி பயத்துக்கு வருவோம். மனிதருக்குப் பயம் மூன்று வழிகளில் வந்து சேர்கிறது என்று உளவியலாளர் ஸ்டான்லி ராக்மன் 1977-இல் வகுத்தார்: தானே பட்ட அனுபவம், பிறர் பயப்படுவதைப் பார்ப்பது, பிறர் சொல்லக் கேட்பது. நான்கு வயதுப் பிள்ளை பல் டாக்டரையே பார்த்திருக்காது, ஆனாலும் பயப்படும். காரணம் மற்ற இரண்டு வழிகளும் வீட்டிலேயே திறந்து கிடக்கின்றன. “சாப்புடலன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்” என்று தினம் ஒருமுறை கேட்கிற குழந்தை, டாக்டர் என்பவர் தண்டனை கொடுப்பவர் என்று ஒன்றரை வயதிலேயே முடிவு கட்டிவிடுகிறது. சித்தப்பா பல் பிடுங்கிக்கொண்டு வந்து கன்னத்தைப் பிடித்தபடி சொன்ன கதை இன்னொரு பக்கம். பெற்றோரின் பல் பயமும் பிள்ளையின் பல் பயமும் சேர்ந்தே நடக்கின்றன என்றும், எட்டு வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களிடம் இது தெளிவாகத் தெரிகிறது என்றும் 2010-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. 2012-இல் மாட்ரிட் நகர ஆய்வு ஒன்று, அம்மாவின் பயம் பிள்ளைக்குப் போய்ச் சேருமா என்பதில் அப்பாவின் மனநிலைக்கு முக்கியப் பங்கு இருப்பதைக் கண்டது. அரை நாள் லீவு போட்டு அப்பா கூட வருவதில் இப்படியொரு பயன் இருக்கிறது. அவர் சும்மா, நிதானமாக உட்கார்ந்திருந்தாலே போதும்.

ஆகவே தயார்படுத்த வேண்டியது முதலில் பெரியவர்களின் பேச்சை. ஊசி மிரட்டலை அன்றே நிறுத்திவிட வேண்டும். “வலிக்கவே வலிக்காது, பயப்படாத” என்று ஆறுதலுக்குச் சொல்வதும் வேண்டாம். வலியைப் பற்றி நினைக்காத பிள்ளைக்கு அந்த நினைப்பை நாமே கொடுத்துவிடுகிறோம். “சமத்தா இருந்தா சாக்லேட்” என்ற லஞ்சமும் வேண்டாம். அங்கே ஏதோ கஷ்டம் காத்திருக்கிறது என்ற செய்தி அதற்குள் ஒளிந்திருக்கிறது, போதாததற்குச் சர்க்கரை வேறு. “டாக்டர் உன் பல்லையெல்லாம் எண்ணிப் பாக்கப் போறாரு. கண்ணாடி வச்சி உள்ள பாப்பாரு” என்று நடக்கப் போவதை மட்டும் சொன்னால் போதும். ஊசி போடுவாரா என்று பிள்ளையே கேட்டால், இன்றைக்கு எண்ணிப் பார்க்கத்தான் போகிறோம் என்று உண்மையைச் சொல்லலாம். என்றைக்கும் கிடையாது என்று வாக்குக் கொடுத்துவிடக் கூடாது.

அடுத்தது விளையாட்டு. நான்கைந்து நாள் சாயங்காலத்தில் பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்து, செல்போன் டார்ச் அடித்து, டீஸ்பூனைக் கண்ணாடியாக வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று பல்லை எண்ணலாம். பிறகு பிள்ளை டாக்டராகட்டும். ஆயா வாயைத் திறந்து காட்டட்டும். மல்லாந்து படுத்து முகத்துக்கு மேலே இன்னொருவர் முகம் வருவது சின்னப் பிள்ளைகளுக்கு மிரட்சி தரும். அது வீட்டிலேயே பழகிவிட்டால் நாற்காலி சாயும்போது பாதிப் பயம் இருக்காது. சிகிச்சை எதுவும் தேவைப்படாத அக்காவோ அண்ணனோ முதலில் நாற்காலியில் ஏறி வாயைத் திறப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வைப்பதும் பலன் தரும். ராக்மன் சொன்ன ‘பார்த்துக் கற்கும்’ வழியைத் தைரியத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நேரம் முக்கியம். காலை நேரம், நன்றாகத் தூங்கி எழுந்து, இட்லியோ என்னவோ சாப்பிட்ட பிறகு. பள்ளி திறந்த பின் சாயங்காலம் களைத்துப்போன பிள்ளையை இழுத்துக்கொண்டு போவதைவிட, கோடையில் ஒரு காலை எவ்வளவோ மேல்.

அறைக்குள் நடப்பதும் பெரும்பாலும் ஒரு விளையாட்டின் வரிசையில்தான் இருக்கும். 1959-இல் ஹாரி ஆடெல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் எழுதி வைத்த முறை இன்றும் உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது: சொல், காட்டு, செய். காற்று அடிக்கும் குழலைப் பற்றி முதலில் சொல்லுவார். பிள்ளையின் உள்ளங்கையில் அடித்துக் காட்டுவார். அதன்பிறகே பல்லில் அடிப்பார். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களை நாற்காலியிலேயே ஏற்ற மாட்டார்கள். அம்மாவும் டாக்டரும் முழங்காலோடு முழங்கால் முட்ட எதிரெதிரே உட்கார்ந்து, பிள்ளையின் தலை டாக்டர் மடியிலும் கால்கள் அம்மாவின் இடுப்பைச் சுற்றியும் இருக்கப் படுக்க வைத்துப் பார்ப்பார்கள். அந்த வயதில் அழுவது இயல்பு. அழுகிற வாய் திறந்துதான் இருக்கும், பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடலாம். அம்மா வெட்கப்பட்டுப் பிள்ளையை அதட்ட வேண்டியதில்லை. பல டாக்டர்கள், 1962-இல் ஸ்பென்சர் ஃப்ராங்கல் குழு வகுத்த நான்கு படி அளவுகோலின்படி பிள்ளை எப்படி ஒத்துழைத்தது என்று குறித்து வைப்பதுண்டு. முதல் முறை கீழ்ப்படியில் இருந்த பிள்ளை மூன்றாவது வருகையில் மேல்படிக்கு ஏறியிருப்பது சாதாரணம்.

பத்து நிமிடத்தில் அவர் பார்ப்பது நிறைய. பல் எண்ணிக்கை சரிதானா, ஈறோரத்தில் வெள்ளைக் கோடு தொடங்கியிருக்கிறதா, ஈற்றில் சீழ்க் கொப்புளம் இருக்கிறதா, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாக மூடுகின்றனவா, விரல் சூப்பும் பழக்கம் முன்பல்லைத் தள்ளியிருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார். எதுவும் இல்லையென்றால் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசி அனுப்பலாம். தூரிகையால் தொட்டுப் பூச ஒரு நிமிடம்கூட ஆகாது.

சொத்தை இருந்தாலும் உடனே டிரில் என்று பதற வேண்டாம். கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்தத் துறை பிள்ளைகளுக்கு மிகவும் இணக்கமாக மாறியிருக்கிறது. ஜப்பானில் 1970-இலிருந்து பயன்பாட்டில் இருக்கும் சில்வர் டயமைன் ஃப்ளோரைடு என்ற திரவத்தை ஒரு சொட்டு தொட்டு வைத்தால், பெரும்பாலான சொத்தைகள் மேற்கொண்டு பரவாமல் நின்றுவிடும். ஊசியும் இல்லை, சத்தமும் இல்லை. சொத்தை இருந்த இடம் கறுத்துவிடும் என்பது ஒன்றுதான் குறை. கடைவாய்ப்பல்லில் அது யார் கண்ணிலும் படாது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர், சொத்தை விழுந்த கடைவாய்ப் பால்பல்லைக் குடையாமலே அதன்மேல் உலோகத் தொப்பியை ஒட்டி மூடிவந்தார். உணவு கிடைக்காத பாக்டீரியாக்கள் உள்ளே அடங்கிப்போயின. ஆய்வுகள் அதன் வெற்றியை உறுதிசெய்ததும் அவர் பெயராலேயே அந்த முறை பரவியது. இவை எல்லாமே நரம்பு பழுதாவதற்கு முன்னால்தான் உதவும். கன்னம் வீங்கிய பிறகு இந்த எளிய வழிகள் மூடிப்போகின்றன.

செலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில், பிறப்பு முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளிடம் தேட வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் பல் நோயும் இருக்கிறது. இந்தத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கும் ஒருமுறை அரசுப் பள்ளிக்கும் வர வேண்டும். பல்லில் கோளாறு கண்டால் மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். பெற்றோருக்கு இது தெரியாததால், குழு கொடுத்த பரிந்துரைச் சீட்டு புத்தகப் பைக்குள்ளேயே கசங்கிப்போகிறது. பிள்ளையின் அங்கன்வாடி டீச்சரிடம் குழு எப்போது வரும் என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்திலும் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்திலும் சேர்ந்துவிட்டன. எந்த மாவட்டமானாலும் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுகளில் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. வேலூர் சி.எம்.சி.யிலும் பல் மருத்துவத் துறை உண்டு.

ஜப்பானில் ஒன்றாம் வகுப்பில் சேரப்போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும், பள்ளி திறப்பதற்குச் சில மாதங்கள் முன்பே உள்ளாட்சி நிர்வாகம் உடல் பரிசோதனை நடத்த வேண்டும் என்பது சட்டம். பல் அதில் அடக்கம். ஸ்காட்லாந்தின் ‘சைல்டுஸ்மைல்’ திட்டம் மழலையர் பள்ளிகளில் தினமும் ஆசிரியர் கண்முன் பல் தேய்க்க வைத்தது. பெரிய கருவிகள் எதுவும் இல்லை, பிரஷ்ஷும் பற்பசையும்தான். 2001–02-க்கும் 2009–10-க்கும் இடையில் அங்கே ஐந்து வயதுப் பிள்ளைகளின் பல் சிகிச்சைச் செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. நம் ஷூ தொழில் வட்டாரத்துக்கு இது அப்படியே பொருந்தும். முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்களின் பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. அந்தக் காப்பகங்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரிசையாக நிற்க வைத்துப் பல் தேய்க்கப் பழக்கவும், ஏப்ரல் மாதத்தில் ஒரு பல் டாக்டரை வரவழைத்துப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைப் பார்க்கச் செய்யவும் பெரிய செலவு ஆகாது. அம்மாக்கள் ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டியதும் இல்லை. தொழிற்சங்கங்களும் நிர்வாகங்களும் உட்கார்ந்து பேசினால் அடுத்த கோடையிலேயே தொடங்கிவிடக்கூடிய வேலை இது.

மே மாதத்தில் ஒருமுறை காட்டியாயிற்று என்றால் அடுத்தது டிசம்பரில், அரையாண்டுத் தேர்வு விடுமுறையில். அதற்குள் பல பிள்ளைகளுக்கு அந்த ஆறு வயதுக் கடைவாய்ப்பல் எட்டிப் பார்த்திருக்கும். கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் சுத்தமான விரலை வைத்துத் தடவினால் கூர்மையான மேடு தட்டுப்படும். அது முழுக்க வெளியே வரும்வரை, ராத்திரி தேய்த்துவிடும்போது பிரஷ்ஷைக் கன்னப் பக்கத்திலிருந்து குறுக்காக நுழைத்து, அந்த ஒரு பல்லுக்கென்று நாலைந்து முறை தனியாகத் தேய்க்க வேண்டும். முழுக்க வந்ததும் அதன் பள்ளங்களைச் சீலன்ட் போட்டு அடைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். அதற்கும் ஊசி கிடையாது. பல்லைக் காய வைத்து, திரவத்தை ஊற்றி, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்துவிடுவார்கள்.